நீல் யங்கின் விருந்தாளிகள் – கடிதம்

வணக்கம் சார்,

போன மாதக் கட்டுரையில் கனடாப் பாடகர் நீல் யங்கின் ‘ஹார்வெஸ்ட்’ (1972) ஆல்பத்தைப் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தீர்கள். அமெரிக்க நாட்டுப்புறப் பாணியும் ராக்கும் கலந்த இந்தக் கன்ட்ரி-ராக் எனக்குப் புதிது. தேடிப் பிடித்துக் கேட்டேன். ஒரு வாரமாக பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அதுதான் ஓடுகிறது.

ஒரு சந்தேகம். இந்த ஆல்பத்தில் யார் யார் பங்கேற்றார்கள் என்று படித்தபோது தலை சுற்றியது. ஜேம்ஸ் டெய்லர், லிண்டா ரான்ஸ்டாட், கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ், போதாததற்கு லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா. ஆனால் கேட்கும்போது பாதிப் பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. ரான்ஸ்டாட்டின் குரலை மூன்றாவது தடவைதான் கண்டுபிடித்தேன். நம் சினிமாவில் பெரிய நடிகரை இரண்டு நிமிடம் வரவைத்து ‘கௌரவத் தோற்றம்’ என்று போஸ்டரில் போடுவார்களே, அந்த வேலைதானா இதுவும்? ஆர்கெஸ்ட்ரா வரும் இரண்டு பாடல்களும் எனக்கு ஒட்டவே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்ற நிலையில் இருந்தாரா அவர்?

அன்புடன்,
ர., திருப்பூர்

அன்புள்ள ர.,

மூன்றாவது தடவையிலேயே கண்டுபிடித்துவிட்டீர்கள். எனக்குப் பல வருடம் ஆனது. தொண்ணூறுகளில் என்னிடம் இருந்தது ரெக்கார்டிங் கடையில் பதிந்து வாங்கிய அறுபது நிமிடக் கேசட். அட்டையில் பேனாவால் ‘நீல் யங்’ என்று எழுதியிருந்ததோடு சரி. யார் வாசித்தார்கள், யார் கூடப் பாடினார்கள், ஒன்றும் கிடையாது. ஆல்பம் மொத்தம் சுமார் 37 நிமிடம். கடைக்காரர் ஒரே பக்கத்தில் ஓடவிட்டிருக்கிறார். முப்பது நிமிடத்தில் நாடா தீர்ந்துவிட்டது. மறுபக்கத்தில் வேறு யாரோ பாடினார்கள். ஆக, ‘வேர்ட்ஸ்’ என்று கடைசியில் ஒரு பாட்டு இருப்பதே எனக்குத் தெரியாது. ஸ்டில்ஸும் நாஷும் சேர்ந்து பாடுவது அதில்தான்.

யாரை வேண்டுமானாலும் கூப்பிடும் நிலையில் இருந்தாரா என்று கேட்கிறீர்கள். இருந்தார்தான். ஆனால் அப்படிக் கூப்பிடவில்லை, ஊரில் இருந்தவர்களைக் கூப்பிட்டார். 1971 பிப்ரவரியில் கன்ட்ரி பாடகர் ஜானி கேஷின் டிவி நிகழ்ச்சிக்காக, கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் போகிறார் நீல் யங். வயது 25. அதே நிகழ்ச்சியில் பாட டெய்லரும் ரான்ஸ்டாட்டும் வந்திருக்கிறார்கள். எலியட் மேசர் என்ற தயாரிப்பாளர் ஒரு ராத்திரிச் சாப்பாட்டில் நீல் யங்கைச் சந்திக்கிறார். பேச்சு வாக்கில் அவருடைய ஸ்டுடியோவில் சில பாடல்களைப் பதியலாம் என்று முடிவாகிறது. குவாட்ரஃபோனிக் என்று பெயர். பெயர்தான் பெரிது, பழைய வீடு ஒன்றை ஸ்டுடியோவாக மாற்றியிருந்தார்கள். டிவி வேலை முடிந்ததும் டெய்லரும் ரான்ஸ்டாட்டும் அங்கே வந்து சேர்ந்தார்கள். அவ்வளவுதான் கதை.

இன்னொன்று, அந்தப் பெயர்களை இன்றைய எடையில் நிறுக்கக் கூடாது. டெய்லர் அப்போது உச்சத்தில் இருந்தவர், அதில் சந்தேகமில்லை. அடுத்த மாதமே ‘டைம்’ பத்திரிகை அட்டையில் அவர் படம் வந்தது. ரான்ஸ்டாட் அப்படியில்லை. அவருடைய பாட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடிக்க 1975 வரை ஆனது. போஸ்டரில் போட்டு ஆள் சேர்க்கிற பெயர் இல்லை அது.

அவர்கள் செய்த வேலையையும் பாருங்கள். ‘ஓல்ட் மேன்’ பாட்டில் உருண்டோடி வரும் அந்தக் கம்பிச் சத்தம் டெய்லர் வாசித்த பாஞ்சோ. வழக்கமான ஐந்து கம்பிப் பாஞ்சோ இல்லை, கிட்டார் மாதிரியே சுருதி சேர்த்த ஆறு கம்பிப் பாஞ்சோ. அதனால் கிட்டார் பழகிய கை அதில் சுலபமாக ஓடும். ஒரே மைக்கில் இருவரும் பாட வேண்டியிருந்தது. டெய்லர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, தான் மண்டியிட்டு மைக்குக்கு எட்டிப் பாடியதாக ரான்ஸ்டாட் பிற்பாடு சொல்லியிருக்கிறார். ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’ பாட்டில் இவர்கள் கடைசியில்தான் வருகிறார்கள். அதுவரை தனியாகப் பாடிக்கொண்டிருந்த ஆளுக்குப் பக்கத்தில் யாரோ வந்து நிற்பது போல இருக்கும். முதல் வரியிலிருந்தே பாட வைத்திருந்தால் அந்த உணர்வு வந்திருக்காது. நீங்கள் மூன்று தடவை தேடியதற்குக் காரணம் இதுதான். நீல் யங்கின் ஒரே நம்பர் ஒன் சிங்கிள் இந்தப் பாட்டு. அதில் இரண்டு பிரபலங்களை முக்கால் பாட்டு முடியும்வரை வெளியே நிற்க வைத்திருக்கிறார்.

உங்கள் பட்டியலில் ஒரு பெயர் இல்லை. எனக்கு இந்த ஆல்பத்தின் பெரிய விருந்தாளி அவர்தான்: பென் கீத். பெடல் ஸ்டீல் கிட்டார் வாசித்தவர். கன்ட்ரி உலகத்துக்கு வெளியே அப்போது அவரை யாருக்கும் தெரியாது. உள்ளே இருந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். 1961-இல் வந்த, கன்ட்ரி பாடகி பாட்ஸி கிளைனின் ‘ஐ ஃபால் டு பீஸஸ்’ பாட்டில் வாசித்தவர். பேஸ் கிட்டார் வாசித்த டிம் டிரம்மண்டுதான் அவருக்குச் சொல்லி அனுப்பினார். கீத் வந்தபோது பதிவு நடந்துகொண்டிருந்தது. யாரிடமும் பேசாமல் கருவியைப் பொருத்தி, உட்கார்ந்து, வாசிக்க ஆரம்பித்துவிட்டார். பல பாடல்கள் முடிந்த பிறகுதான் ஒருவருக்கொருவர் ‘வணக்கம்’ சொல்லிக்கொண்டார்களாம். பாடுகிற ஆள் யாரென்றே கீத்துக்குத் தெரியாது.

பெடல் ஸ்டீல் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொன்னால் கேட்பதற்கு உதவும். மேஜை மாதிரி நிற்கும் கருவி, அதன் முன்னால் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். இடது கையில் ஓர் இரும்புத் துண்டு, அது கம்பிகளின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். கோட்டுவாத்தியம் பார்த்திருந்தால் உடனே பிடிபடும். ஆனால் இதில் கால்களுக்கும் வேலை உண்டு. இடது காலால் பெடலை அழுத்தினால் சில கம்பிகளின் சுருதி மட்டும் ஏறும், மற்றவை அப்படியே நிற்கும். முழங்காலால் தள்ள நெம்புகோல்கள் தனியாக இருக்கின்றன. வலது கால் ஒலியளவு பெடலில் இருக்கும். கம்பியை மீட்டிய அந்த நொடியில் சத்தத்தை அடக்கி, பிறகு மெல்லத் திறந்தால் சுரம் எங்கே தொடங்கியது என்றே தெரியாமல் வந்து நிற்கும்.

இப்போது முதல் பாட்டு ‘அவுட் ஆன் தி வீக்எண்ட்’டைத் திரும்பக் கேளுங்கள். ஹார்மோனிகாவுக்குப் பின்னால் தூரத்தில் எதுவோ மிதப்பது போல இருக்கிறதே, அது கீத். நாஷ்வில் பாணியில் பெடல் ஸ்டீல் என்றால் பாடகர் மூச்சு விடும் இடத்திலெல்லாம் ஓடி வந்து ஓர் அழகான சங்கதி போட்டுவிட்டுப் போவது வழக்கம். இவர் நீண்ட சுரங்களைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கிறார். நல்ல பக்கவாத்தியக்காரர் கையைக் கட்டிக்கொள்ளும் இடம் என்று ஒன்று உண்டல்லவா, அது.

கையைக் கட்டிக்கொள்வது என்றதும் டிரம்மர் கென்னி பட்ரி ஞாபகம் வருகிறார். பாப் டிலனின் ‘பிளான்ட் ஆன் பிளான்ட்’, ‘நாஷ்வில் ஸ்கைலைன்’ ஆல்பங்களில் வாசித்தவர், அந்த ஊரின் முதல்தர டிரம்மர்களில் ஒருவர். நீல் யங் அவரிடம் எதை வாசிக்க வேண்டும் என்பதை விட எதை வாசிக்கக் கூடாது என்பதைத்தான் அதிகம் சொன்னார். ஒரு கட்டத்தில் ஹை-ஹாட் (காலால் மூடித் திறக்கும் இரட்டைத் தட்டு) வேண்டாம், வலது கையே வேண்டாம் என்று சொல்லிவிட, பட்ரி வலது கையைத் தன் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டே வாசித்தாராம். கொஞ்சம் எரிச்சலோடுதான் இதை அவர் சொல்லியிருக்கிறார். நியாயம்தானே, அவ்வளவு தெரிந்த ஆளிடம் பாதியைக் கழற்றி வை என்றால்? ஆனால் தலைப்புப் பாட்டில் அந்தத் தாளம் தள்ளாடாமல், அவசரப்படாமல், கிட்டத்தட்ட தூக்கக் கலக்கத்தில் நடப்பது போலப் போவதைக் கேட்டால் நீல் யங் பக்கம்தான் நான் பேசுவேன். அவருக்கே அப்போது உடம்பு அப்படித்தான் இருந்தது. முதுகில் டிஸ்க் விலகி, பெல்ட் கட்டிக்கொண்டு, கனமான எலக்ட்ரிக் கிட்டாரைத் தோளில் மாட்டி நிற்க முடியாத நிலை. ஆல்பத்தின் மென்மையில் அந்த முதுகுவலிக்கும் ஒரு பங்கு உண்டு.

கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் மூவரும் வேறு கதை. இவர்கள் விருந்தாளிகளே இல்லை, பழைய கூட்டாளிகள். நீல் யங்கோடு நால்வராகச் சேர்ந்திருந்த குழு 1970-இல் சண்டையோடு கலைந்துவிட்டது. இந்த ஆல்பத்தில் யார் எதில் பாடுகிறார்கள் என்று பாருங்கள்: ‘அலபாமா’வில் கிராஸ்பியும் ஸ்டில்ஸும், ‘வேர்ட்ஸ்’ பாட்டில் ஸ்டில்ஸும் நாஷும், ‘ஆர் யூ ரெடி ஃபார் தி கன்ட்ரி’யில் கிராஸ்பியும் நாஷும். இரண்டிரண்டு பேராகத்தான் வருகிறார்கள், மூவரும் ஒரு பாட்டில்கூட ஒன்றாக இல்லை. வேண்டுமென்றே செய்ததா, அன்றன்றைக்கு வந்தவர்கள் பாடினார்களா, அதற்குள் நான் போகவில்லை. குழுவாக இருந்தபோது இவர்களுடைய குரல்கள் பளிங்கு மாதிரி ஒன்றோடொன்று பொருந்தும். இங்கே ஓரம் பிசிறடிக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

இந்த மூன்று பாடல்களின் வாத்தியப் பதிவு நடந்த இடம் வடக்குக் கலிஃபோர்னியாவில் நீல் யங்கின் பண்ணையில் இருந்த பெரிய கொட்டகை. அதைப் பற்றி நாஷ் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஆல்பத்தைக் கேட்கிறாயா என்று கேட்ட நீல் யங், நாஷைத் துடுப்புப் படகில் ஏற்றி ஏரியின் நடுவே கூட்டிப்போயிருக்கிறார். வீட்டிலிருந்து இடது பக்கச் சத்தம், கொட்டகையிலிருந்து வலது பக்கச் சத்தம், நடுவில் தண்ணீரில் இவர்கள். கரையிலிருந்து எலியட் மேசர் ‘எப்படி இருக்கிறது?’ என்று கத்த, நீல் யங் திருப்பிக் கத்தினாராம்: ‘கொட்டகைச் சத்தத்தைக் கூட்டு!’

ஆர்கெஸ்ட்ரா விஷயத்தில் பாதி ஒத்துக்கொள்கிறேன். நாஷ்வில் முடிந்த சில வாரங்களில் லண்டன் போய், பார்க்கிங் டவுன்ஹாலில் (வண்டி நிறுத்தும் பார்க்கிங் இல்லை, ஊர் பெயரே அதுதான்) பதிந்த இரண்டு பாடல்கள் அவை. இசைக்கோவை ஜாக் நிட்ஷே. ‘தேர்ஸ் எ வேர்ல்ட்’ எனக்கும் ஒட்டாது. முரசும் ஹார்ப்பும் பொழிந்து தள்ளுகிற இடத்தில், அந்த மெல்லிய குரல் கல்யாண வீட்டில் வழி தவறிய பையன் மாதிரி நிற்கிறது. ஆனால் ‘எ மேன் நீட்ஸ் எ மெய்ட்’ பாட்டை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வீட்டு வேலைக்கு ஒரு பெண் போதும் என்று சொல்லிக்கொள்கிற தனியாள், தனக்குள் எவ்வளவு பெரிய சத்தத்தை அடக்கி வைத்திருக்கிறான் என்பது அந்த ஆர்கெஸ்ட்ரா எழும்போது தெரிகிறது. ஒத்துப் பார்க்க வசதியாக 1971 ஜனவரியில் டொரன்டோ மாஸி ஹாலில் அவர் தனியாகப் பாடியது 2007-இல் ஆல்பமாக வந்திருக்கிறது. அதில் இதே பாட்டு, வெறும் பியானோவோடு, ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’டுடன் கோத்துப் பாடியிருக்கிறார். அதைக் கேட்டுவிட்டு எது வேண்டும் என்று எழுதுங்கள்.

அப்புறம், 1992-இல் வந்த ‘ஹார்வெஸ்ட் மூன்’ ஆல்பத்தையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். இருபது வருடம் கழித்து டிரம்மண்ட், கீத், பட்ரி எல்லோரும் வாசிக்கிறார்கள். பட்ரியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். டெய்லரும் ரான்ஸ்டாட்டும் மறுபடி வந்து பின்னால் நின்று பாடுகிறார்கள். இந்தத் தடவை ரான்ஸ்டாட் உலகப் பிரபலம், ஆனாலும் குரல் அதே அளவுதான். பென் கீத் அந்த நாஷ்வில் இரவுக்குப் பிறகு நீல் யங்கோடு வாழ்நாள் முழுக்க வாசித்தார். 2010-இல் இறந்ததும் நீல் யங்கின் பண்ணையில்தான்.

அன்புடன்