27ஆம் எண் ஜெர்சி

தம்பிக்கு,

மேரிலாந்தின் கொலம்பியாவுக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது என்றும், ஆகஸ்ட் பிறந்ததிலிருந்து அலுவலகத்தில் அமெரிக்க ஃபுட்பாலைத் தவிர வேறு பேச்சே இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். "இந்த முறை ரேவன்ஸ் எத்தனை ஆட்டம் ஜெயிக்கும்?" என்று பால்டிமோர் அணியைப் பற்றிக் கேட்கிறார்களே, என்ன சொல்வது? ஆளுக்குப் பத்து டாலர் போட்டு வாராவாரம் வெல்லும் அணிகளைக் கணிக்கும் பந்தயத்தில் சேரலாமா? இந்த இரண்டையும் விரிவாகக் கேட்டுவிட்டு, கடைசி வரியில் மகனைப் பற்றிச் சொல்லியிருந்தீர்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை வீரர் பெயர் போட்ட ஜெர்சி கேட்கிறான். வீரர்களைப் பற்றிச் செய்தியில் வருவதைப் பார்த்தால் வாங்கிக் கொடுக்கவே பயமாக இருக்கிறது, அக்கா, என்று. அந்தக் கடைசி வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. இருந்தாலும் நீங்கள் கேட்ட வரிசையிலேயே வருகிறேன்.

நான் நாகர்கோவிலிலிருந்து பால்டிமோருக்கு வந்து இறங்கியது 2001 ஜனவரியில், செவிலியர் வேலைக்கு. அந்த மாதம் 28ஆம் தேதி ரேவன்ஸ் அணி நியூயார்க் ஜயன்ட்ஸை 34-7 என்று வீழ்த்தி முதன்முறையாக சூப்பர் பவுல் என்ற இறுதிக் கோப்பையை வென்றது. எனக்கு அந்தப் பந்தின் வடிவமே புதிது. மறுநாள் காலை வார்டுக்குள் போனால், அறுபதை நெருங்கிய எங்கள் மூத்த செவிலியர் மருந்து வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்துத் தோளைத் தொட்டேன். அவர்தான் சொன்னார்: 1984 மார்ச்சில் ஒரு பனி இரவில், இந்த ஊரின் கோல்ட்ஸ் அணியை மூட்டை கட்டி லாரிகளில் ஏற்றி இண்டியானாபொலிஸுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். விடிந்து பார்த்தால் ஊருக்கு அணி இல்லை. பன்னிரண்டு பருவங்கள் அப்படியே கழிந்தன. 1996இல்தான் ரேவன்ஸ் வந்தது. அதுவும் கிளீவ்லாந்துக்காரர்களின் வயிற்றெரிச்சலோடு, அவர்கள் ஊரை விட்டுக் கிளம்பி வந்த அணி. உங்கள் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமைகளில் எல்லோரும் ரேவன்ஸின் ஊதா நிறத்தில் வருவதைப் பார்ப்பீர்கள். அதற்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கிறது.

ஆகவே அவர்கள் உங்களிடம் கேட்பது தேர்வுக் கேள்வி இல்லை, தம்பி. பந்தியில் இடம் போட்டு "வாங்க, உட்காருங்க" என்கிறார்கள். உட்கார்ந்துவிடுங்கள்.

கணக்கு எளிது. என்.எஃப்.எல். என்ற லீக்கில் மொத்தம் 32 அணிகள். ஒவ்வொன்றும் ஆடுவது 17 ஆட்டங்கள். 2021க்கு முன் 16. தோற்றால் வெளியேறும் பிளே-ஆஃபுக்குப் போவது 14 அணிகள். ரேவன்ஸ் இருக்கும் பிரிவில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ், சின்சினாட்டி பெங்கால்ஸ், பிறகு புதிதாக வந்த கிளீவ்லாந்து பிரவுன்ஸ் ஆகியவை இருக்கின்றன. இந்த மூன்றோடும் ஆண்டுக்கு இரண்டு முறை மோத வேண்டும். அந்த ஆறு ஆட்டங்களைத் தனியாக எண்ணிக்கொண்டு, மீதிப் பதினொன்றை எதிரணியின் குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர், யார் என்று பார்த்து வெற்றி, தோல்வி என்று பிரித்துக்கொள்ளுங்கள். பத்து வெற்றி, பதினொன்று வெற்றி என்று ஏதாவது ஓர் எண் வரும். அதைச் சொல்லிவிட்டு, "ஸ்டீலர்ஸோடு இரண்டில் ஒன்றுதான்" என்று சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். அரை மணி நேரத்துக்கு யாரும் உங்களை எழுந்துபோக விடமாட்டார்கள்.

தவறாகிவிடுமே என்று கூச்சப்படாதீர்கள். இந்த ஆட்டத்தில் எல்லோர் கணிப்பும் தவறும். அப்படித் தவறும்படிதான் அமைத்திருக்கிறார்கள். கடைசியில் வரும் அணிக்குத்தான் அடுத்த ஆண்டின் புது வீரர்களில் முதல் தேர்வு. எந்த முதலாளி எவ்வளவு பணக்காரராக இருந்தாலும் சம்பளத்துக்கு ஒரே உச்சவரம்பு. அதற்கு மேல் காயம் வேறு. 2023இல் பெயர்பெற்ற குவாட்டர்பேக் ஏரன் ராட்ஜர்ஸ் வந்துவிட்டார், இனி நியூயார்க் ஜெட்ஸுக்கு நல்ல காலம்தான் என்று நாடே சொல்லிக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்தில், தொடங்கிய நான்காவது நகர்விலேயே குதிகால் தசைநாண் அறுந்து உட்கார்ந்தார். அந்தப் பருவம் முழுக்க அவர் திரும்பவே இல்லை. நம் பக்கத்து ஊரான வாஷிங்டன் அணி அதே ஆண்டு நான்கே ஆட்டங்கள் வென்றது. அடுத்த ஆண்டு ஜேடன் டேனியல்ஸ் என்ற புதுப் பையன் வந்தார், பன்னிரண்டு வெற்றி. ரேவன்ஸையே பாருங்கள். 2019இல் 14 வெற்றி, 2 தோல்வி என்று கொடிகட்டிப் பறந்து, பிளே-ஆஃபின் முதல் ஆட்டத்திலேயே வீட்டுக்குப் போனார்கள். 2012இல் கடைசி ஐந்து ஆட்டங்களில் நான்கைத் தோற்று, பிறகு கோப்பையைத் தூக்கினார்கள்.

பத்து டாலர் பந்தயத்தில், அலுவலக விதிகள் தடுக்காவிட்டால், சேருங்கள். அதை மொய் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும் என்று வைக்கிற பணம் இல்லை. ஆனால் கைப்பேசியில் பந்தயம் கட்டும் செயலிகளை இறக்கவே இறக்காதீர்கள். 2022 நவம்பரிலிருந்து மேரிலாந்தில் அதற்குச் சட்ட அனுமதி உண்டு. விளம்பரத்துக்கு விளம்பரம் இலவசப் பணம் தருகிறேன் என்பார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு பையன், நல்ல வேலையில் இருந்தவன், வீட்டுக்கு முன்பணமாகச் சேர்த்து வைத்ததை ஒரே குளிர்காலத்தில் இதில் தொலைத்தான். மனைவிக்குத் தெரிந்தது மார்ச்சில். அந்த வீட்டுச் சமையலறையில் நான் உட்கார்ந்திருந்த இரவை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. வீரர்களுக்கே இதில் மன்னிப்பு இல்லை. அட்லாண்டா அணியின் கால்வின் ரிட்லி கட்டியது சுமார் 1,500 டாலர். 2022 பருவம் முழுவதும் தடை, பறிபோன சம்பளம் ஒரு கோடி டாலருக்கு மேல்.

இனி மகனுடைய ஜெர்சி.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. ரேவன்ஸ் வீரர் ரே ரைஸ், எண் 27. 2012 நவம்பரில் சான் டியாகோவில் ஓர் ஆட்டம். கடைசி வாய்ப்பு, இன்னும் 29 யார்டு போக வேண்டும், கதை முடிந்தது என்று எழுந்துவிட்டோம். அவர் ஒரு சின்னப் பாஸை வாங்கிக்கொண்டு ஆட்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடி அந்தத் தூரத்தைக் கடந்துவிட்டார். என் கணவரும் ஏழு வயது மகளும் சோபா மேல் ஏறிக் குதித்தார்கள். அந்தப் பொங்கலுக்கு அவளுக்கு எடுத்த புதுத்துணி அந்த ஜெர்சிதான். ரைஸ் மைதானத்துக்கு வெளியிலும் நல்ல பெயர் எடுத்தவர். பள்ளிப் பிள்ளைகளிடையே மிரட்டல், துன்புறுத்தல் கூடாது என்று மேரிலாந்தில் பிரசாரம் செய்தவர்.

2014 பிப்ரவரியில் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு சூதாட்ட விடுதியின் லிஃப்டில், தான் மணக்கவிருந்த பெண்ணை அவர் அடித்து நினைவிழக்கச் செய்தார். அந்தப் பெண்ணை வெளியே இழுத்துப்போடும் காட்சி அந்த மாதமே வந்துவிட்டது. லீக் கொடுத்த தண்டனை இரண்டே ஆட்டங்கள். செப்டம்பர் 8ஆம் தேதி, லிஃப்டுக்குள் விழுந்த அடி காணொளியாக வெளிவந்தது. அன்றே அணி அவரை நீக்கியது. லீக் காலவரையின்றித் தடை செய்தது. நவம்பரில் அவருடைய முறையீட்டை விசாரித்த முன்னாள் நீதிபதி அந்தத் தடையை ரத்து செய்தார். ஆனாலும் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. அப்போது அவருக்கு வயதும் 27.

காணொளி வந்த மூன்றாம் நாள் இங்கே ஸ்டீலர்ஸோடு ஆட்டம். அவருடைய ஜெர்சியை அணிந்துகொண்டு பெண்களே வந்திருந்தார்கள். அடுத்த வாரக் கடைசியில், பழைய 27 ஜெர்சியைக் கொடுத்துவிட்டு வேறு வீரருடையதை இலவசமாக வாங்கிக்கொள்ளலாம் என்று அணி அறிவித்தது. ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். நானும் மகளை அழைத்துக்கொண்டு போனேன். எங்களுக்கு முன்னால் நின்ற பெரியவர் தன்னுடையதை இஸ்திரி போட்டதுபோல மடித்து மார்போடு அணைத்திருந்தார். மகள் வெகுநேரம் பேசவே இல்லை. பிறகு கேட்டாள்: "அம்மா, அந்த அக்காவுக்கு இப்போது சரியாகிவிட்டதா?"

அத்தனை நாளும் தொலைக்காட்சியிலும் எங்கள் ஓய்வறையிலும் நடந்த பேச்செல்லாம், இனி யார் ஓடுவார், அணி எத்தனை வெல்லும் என்பதைப் பற்றித்தான். அடிபட்டவளைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் ஒன்பது வயதுப் பிள்ளை. மேசையில் இருந்தவர் ஜெர்சியை வாங்கிப் பெட்டிக்குள் எறியப் போனார். அவள் கையை நீட்டித் திரும்ப வாங்கி, எழுத்து உள்ளே போகும்படி மடித்து, பிறகு கொடுத்தாள்.

இதை எதற்கு இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அதே ஆண்டு மே மாதம், அந்தப் பெண்ணையும் மேசையில் உட்காரவைத்து அணி ஒரு செய்தியாளர் சந்திப்பு நடத்தியது. லிஃப்டில் அடி விழுந்த இரவில் தன் பங்குக்காக அந்தப் பெண் வருந்துகிறார் என்று அணியே தன் கணக்கில் செய்தி போட்டது. அடி வாங்கியவள் வருந்த வேண்டுமாம். அதைப் படித்தபோது எனக்கு அமெரிக்கா தெரியவில்லை. எங்கள் தெருத் திண்ணைதான் தெரிந்தது. "அவள் என்ன சொன்னாளோ, அவன் கை நீட்டிவிட்டான்." நம் ஆட்களின் விருந்துகளில், கையில் தட்டோடு, இதே வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன். திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் ஒரு வீரரைப் பற்றி நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதைப் பக்கத்து மேசைப் பெண் கவனிப்பாள். வீட்டில் உங்கள் மனைவியும் கவனிப்பார். அந்த வாக்கியம் உங்கள் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது.

நம்மவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள்: "இவர்களே இப்படித்தான்." வீரர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர் என்பதால் வருகிற பேச்சு இது. எனக்கு மருந்து வண்டியருகே ஊரின் கதையைச் சொன்ன அம்மையாரும் கறுப்பினத்தவர்தான். ஓர் அணிக்கு 53 பேர், 32 அணிகள். கிட்டத்தட்ட 1,700 இளைஞர்கள். செய்தியில் வருபவர் சிலர். தாயை இழந்து தம்பி தங்கைகளை வளர்த்த வாரிக் டன், தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மாருக்கு வீடு அமைத்துக் கொடுக்கும் வேலையை 1997இல் தொடங்கினார். அவரும் இதே லீக்கில் ஓடியவர்தான்.

அதே 2014 செப்டம்பரில் இன்னொரு வழக்கு. மினசோட்டா அணியின் ஏட்ரியன் பீட்டர்சன், நான்கு வயது மகனை மரக்கிளை விளாரால் அடித்து உடம்பில் தழும்பு ஏற்படுத்தினார். தன்னையும் அப்படித்தான் வளர்த்தார்கள் என்றார். அந்தப் பருவத்தில் அவர் ஆடியது ஒரே ஓர் ஆட்டம். ஓய்வறையில் எல்லோரும் கொதித்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. எங்கள் வீட்டு ஓட்டில் செருகியிருந்த புளியம் விளார் கண்ணில் நின்றது. அப்பா அதை உருவும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "அடியாத மாடு படியாது" என்று நானும் மகளிடம் கை ஓங்கியிருக்கிறேன். அன்றோடு நிறுத்தினேன். இங்கே ஆசிரியர், மருத்துவர், என் போன்ற செவிலியர் எல்லோருக்கும், பிள்ளை அடிபடுகிறது என்று சந்தேகம் வந்தாலே புகார் செய்யச் சட்டப்படி கடமை உண்டு. அதையும் தெரிந்துகொள்ளுங்கள். சட்டம் இல்லாவிட்டாலும் நான் நிறுத்தியிருப்பேன் என்றுதான் நம்ப விரும்புகிறேன்.

ஜெர்சியை வாங்கிக் கொடுங்கள், தம்பி. பெயர் போட்டதையே வாங்குங்கள். எந்த வீரர் நல்லவராகவே இருப்பார் என்று முன்கூட்டிப் பொறுக்கி எடுக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. 2012இல் என்னிடம் கேட்டிருந்தால் ரைஸ் பெயரைத்தான் சொல்லியிருப்பேன். பின்னால் ஏதாவது நடந்தால் மறைக்காமல், எட்டு வயதுக்கு ஏற்றபடி உட்காரவைத்துச் சொல்லுங்கள். அதற்கு மேல் அந்த ஜெர்சியை அவன் போடுகிறானா, மடித்து வைக்கிறானா என்பதை அவனே முடிவு செய்யட்டும். ரைஸ்கூடப் பிறகு பல ஆண்டுகள் குடும்ப வன்முறையைப் பற்றி இளைஞர்களிடம் பேசி வந்தார். 2023 டிசம்பர் கடைசி நாளில் ரேவன்ஸ் அணி அவரை மைதானத்துக்கு அழைத்து மரியாதை செய்தது. என் கணவர் கைதட்டினார். மகள் தட்டவில்லை. இருவரிடமும் நான் எதுவும் சொல்லவில்லை.

கடைக்குப் போகும்போது ஓர் அளவு பெரிதாகவே எடுங்கள். நவம்பருக்கு மேல் ஸ்வெட்டருக்கு மேலேதான் போட வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அக்கா