கதவுக்கு வெளியே கேட்ட குரல் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

உங்கள் பிரசவ வார்டு கதையைப் படித்தேன். நான் அரசு மருத்துவமனையில் 22 வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். அதில் பாதிக்கு மேல் பிரசவ வார்டில்தான். உங்கள் கதையில் நர்ஸ் மூன்று இடத்தில் வருகிறார், மூன்று இடத்திலும் திட்டுகிறார். நாங்கள் கத்துவதே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தலை வெளியே வரும் நேரத்தில் ‘முக்காதேம்மா, வாயால மூச்சு விடு’ என்று சொல்லியாக வேண்டும். மெதுவாகச் சொன்னால் அந்த வலியில் காதில் ஏறாது. அப்போது வேகமாக முக்கிவிட்டால் கிழிந்துவிடும். பக்கத்து டேபிளில் இன்னொருத்தி காத்திருப்பாள். வெளியே நிற்பவர்களுக்கு இதெல்லாம் திட்டு மாதிரிதான் கேட்கும். அடுத்த கதையிலாவது நாங்கள் வேறு என்ன செய்கிறோம் என்றும் எழுதுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள சிஸ்டர்,

பிடித்துவிட்டீர்கள். அந்தக் கதையை எழுதியவன் கதவுக்கு வெளியே நின்றவன்தான். என் மகள் பிறந்த இரவு முழுவதும் வராந்தாவில் இருந்தேன். காதில் விழுந்தது ஒரு குரல். அதை வைத்துக்கொண்டு ஒரு ஆளையே செய்துவிட்டேன்.

உள்ளே போகும் வாய்ப்பு எனக்குப் போன வருடம்தான் வந்தது. அதே மகளுக்கு எட்டாம் மாதம் தொடங்கியதுமே வலி கண்டு, ஆபரேஷன். குழந்தை 1,450 கிராம். நாலாம் நாள் மகளுக்குக் காய்ச்சல், என் மனைவிக்குச் சளி, மருமகன் விமானத்தில். ‘வேற யாரு இருக்கீங்க?’ என்று நர்ஸ் கேட்டார். நான்தான் என்றேன். மேலும் கீழும் பார்த்தார். ‘குளிச்சிட்டீங்களா? நகத்தைக் காட்டுங்க. மோதிரத்தைக் கழட்டுங்க. சட்டையையும்தான்.’

67 வயதில், நரைத்த மார்போடு, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தேன். குல்லா, சாக்ஸ், நாப்கின், அவ்வளவுதான் பேரனின் உடை. தவளை மாதிரி கால்களை மடக்கி என் நெஞ்சில் நிமிர்த்தி வைத்தார். தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, மூச்சு தடைபடாதபடி மோவாயைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, துணியைச் சுற்றிக் கட்டினார். கங்காரு கேர் என்று பேர் மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாமல் தவித்த எட்கர் ரே என்ற டாக்டர், குழந்தைகளைத் தாய் நெஞ்சிலேயே கட்டிவைக்கத் தொடங்கினார். அப்போது அது வேறு வழியில்லாமல் செய்தது. டெல்லியிலும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளிலும் நடந்த ஓர் ஆய்வு 2021-ல் வெளிவந்தது. எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்த உடனேயே இப்படி வைத்தால் சாவு நான்கில் ஒரு பங்கு குறைகிறதாம்.

நான் சொல்ல வந்தது அந்த நர்ஸைப் பற்றி. ஆறு குழந்தைகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு முறை என்னைத் தாண்டும்போதும் குனிந்து பேரனின் உதட்டு நிறத்தைப் பார்த்தார். மானிட்டர்தான் இருக்கிறதே என்றேன். ‘மெஷின் கத்துறதுக்கு முன்னாடி உதடு சொல்லிடும்பா’ என்றார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் மகள் பீய்ச்சி அனுப்பிய பால் வரும். பாலாடை என்கிற மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தைக் கீழுதட்டில் வைத்து, ஒரு சொட்டு விட்டு, அது தொண்டையில் இறங்கும்வரை காத்திருந்து, அப்புறம்தான் அடுத்த சொட்டு. (பாலாடைக்கு வெளிநாட்டு மருத்துவ இதழ்களிலும் பாலாடை என்றுதான் பெயர், தெரியுமா? எங்கள் வீட்டில் அதைப் பரணில் போட்டு வைத்திருந்தோம்.)

ஊரிலிருந்து என் அக்கா, பேரன் நாக்கில் சேனை தொட்டு வைக்கத் தேனோடு வந்து நின்றாள். வார்டே திரும்பிப் பார்க்கிற அளவுக்குத் திட்டு விழுந்தது. அன்று நான் நர்ஸ் கட்சி.

ஆனால் சிஸ்டர், ஒன்றில் நான் உங்களோடு சேர மாட்டேன். கதையில் மூன்றாவது திட்டு ‘முக்காதே’ இல்லை. ‘படுக்கும்போது தெரியலையா, இப்ப கத்துற?’ என்பது. நான் கற்பனை செய்ததில்லை. என் மைத்துனிக்கு முதல் பிரசவத்தில் சொல்லப்பட்டது. முப்பது வருடம் ஆகிறது, இன்னும் அந்தக் குரலிலேயே சொல்லிக் காட்டுவாள். பிள்ளை பிறந்த நேரம்கூட அவளுக்கு மறந்துவிட்டது. பிரசவ அறையை மேம்படுத்த 2017-ல் கொண்டுவந்த லக்‌ஷ்யா திட்டத்தில், பிரசவிக்கும் பெண்ணை மரியாதையாக நடத்த வேண்டும் என்பதையும் சேர்க்க வேண்டியிருந்தது. சும்மா சேர்த்திருப்பார்களா?

ஆள் பற்றாக்குறை என்பீர்கள். சாதாரண வார்டில் ஐந்து படுக்கைக்கு ஒரு நர்ஸ் என்கிறது இந்திய நர்சிங் கவுன்சில். நீங்கள் அதைப் படித்தால் சிரிப்பீர்கள். 2015-ல் தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் ஆயிரக்கணக்கான நர்ஸ்களை 7,700 ரூபாய் தொகுப்பூதியத்துக்கு எடுத்தார்கள். அந்தச் சம்பளத்தில் இரவெல்லாம் நின்றவரின் குரல் உயரத்தான் செய்யும், புரிகிறது. ஆனாலும் அந்த வாக்கியம் களைப்பில் வருவதில்லை. எங்கோ கற்றுக்கொண்டு வருவது.

அதனால் இப்படிச் செய்கிறேன். கதை தொகுப்பில் வரும்போது முதல் இரண்டு திட்டையும் எடுத்துவிடுகிறேன். மூன்றாவது இருக்கும். பதிலுக்கு ஒரு இடத்தைச் சேர்க்க ஆசை, அதற்கு உங்கள் உதவி வேண்டும். குழந்தை பிறந்ததும், கால் மணிக்கு ஒரு தரம் தாயின் வயிற்றில் கை வைத்து கர்ப்பப்பை இறுகியிருக்கிறதா என்று பார்ப்பீர்களாம். தளர்ந்திருந்தால் ரத்தம் போய்க்கொண்டிருக்கும் என்று அந்த நர்ஸ் சொன்னார். இறுகியிருந்தால் கைக்கு எப்படித் தட்டுப்படும்? தேங்காய் மாதிரியா, கிரிக்கெட் பந்து மாதிரியா? உங்கள் வார்டில் சொல்கிற வார்த்தையிலேயே எழுதி அனுப்புங்கள்.