டச் லைன் ஓரம்: கேள்வி உங்களுது, பதில் நம்மளுது

இந்த மாசம் நம்ம வடசென்னையில இருந்து வந்த லெட்டர்ல பாதி காலேஜ் மேட்ச் பத்தி, மீதி கவுன்சிலர், கிரவுண்டு லைட்டு, வேலை கிடைக்கலன்னு புலம்பல். ரெண்டையும் தனித்தனியா பிரிச்சு பதில் எழுதலாம்னு உக்காந்தேன், முடியல, எழுதினவங்களே பிரிச்சு எழுதல. அதனால வந்த மாதிரியே போடுறேன்.

கேள்வி: அண்ணே, நான் காலேஜ் ரெண்டாவது வருஷம். எங்க டீம் மேட்ச்னா நாங்க ஒரு நாப்பது பேரு சத்தம் போடப் போவோம். போன தடவ ரயில்வே ஸ்டேஷன்லயே போலீஸ் நிறுத்தி, ரூட்டு பசங்களாடா நீங்க, திரும்பிப் போங்கன்னு அனுப்பிட்டாங்க. கையில ஒரு டிரம்மு மட்டும்தான் இருந்துச்சு. நம்ம காலேஜ் டீமுக்கு நாம கத்துறது தப்பா?
*வியாசர்பாடி மாணவர்*

பதில்: தப்பே இல்ல தம்பி. கத்த ஆளில்லாம ஆடற டீமோட கஷ்டம் ஆடினவனுக்குத்தான் தெரியும். ஆனா அந்த போலீஸ்காரர் எதுக்குப் பயந்தாருன்னும் நீ புரிஞ்சுக்கணும். நம்ம ஊர்ல காலேஜ் பாசம்னா அது ரொம்ப வருஷமா கிரவுண்டுல இல்ல, பஸ்ஸுலயும் எலக்ட்ரிக் ட்ரெயின்லயும்தான் இருந்துச்சு. ரூட்டு தல, அதாவது ஒரு பஸ் ரூட்டுல போற காலேஜ் பசங்களுக்குத் தலைவன், அப்புறம் பஸ் டே, புட்போர்டுல தொங்கிக்கிட்டு பிளாட்பாரத்துல கத்திய தேய்க்கிறது, இதெல்லாம் பாத்து பாத்து ஊரு ஜனமே வெறுத்துப் போயிருக்கு. 2019 ஜூன்ல பஸ் டேன்னு கூரை மேல உக்காந்த பசங்க, பஸ் பிரேக் அடிச்சதும் கொத்தா ரோட்டுல விழுந்தத நீயும் வீடியோல பாத்திருப்ப. 2024 அக்டோபர்ல சென்ட்ரல் பக்கம் அடி வாங்கின ஒரு காலேஜ் பையன் அஞ்சாறு நாள்ல ஆஸ்பத்திரியிலயே செத்துப் போனான். அவனும் ஒரு அம்மாவுக்குப் புள்ளதான். அந்த வேகத்த எல்லாம் கிரவுண்டு பக்கம் திருப்பி விட்டிருந்தா எத்தன பேரு உயிரோட இருந்திருப்பாங்கன்னு நெனச்சா எனக்கு நெஞ்சு அடைக்குது.

நான் பாத்த ஒரு இன்டர் காலேஜ் ஃபைனல சொல்றேன். ரெண்டு காலேஜ் பசங்களும் எதிர் எதிர் பக்கம், இந்தப் பக்கம் காலி பெயிண்ட் டப்பாவ குச்சியால அடிச்சு கானா, அந்தப் பக்கம் விசிலு. செகண்ட் ஆஃப்ல எதிர் டீம் கோல்கீப்பர் முட்டியப் புடிச்சுக்கிட்டு விழுந்துட்டான், அவங்ககிட்ட ஐஸ் இல்ல. இந்தப் பக்கத்துப் பையன் ஒருத்தன், சட்ட கூட போடாம, ரோட்ட தாண்டி சர்பத் கடைக்கு ஓடி, பேப்பர்ல சுத்தி ஒரு ஐஸ்கட்டிய வாங்கிட்டு வந்தான், தண்ணி சொட்டச் சொட்ட அந்த கீப்பர் முட்டியில வெச்சு அமுக்கிட்டு, திரும்பி வந்து அதே கீப்பரப் பத்தி பாட்டு கட்டிப் பாடினான். கீப்பரும் படுத்துக்கிட்டே சிரிச்சான். என்னக் கேட்டா, அந்த ஐஸ்கட்டி வாங்கிட்டு வந்தவன்தான் உண்மையான ஃபேன்.

அடுத்த மேட்சுக்கு முன்னாடி உங்க பி.டி. சாரப் பாத்து, யாரெல்லாம் வர்றீங்கன்னு பேரு எழுதி லெட்டர் வாங்கு, ஒரு காப்பிய கிரவுண்டு இருக்கற ஏரியா போலீஸ் ஸ்டேஷன்ல கொடு. எல்லாரும் ஐடி கார்டு மாட்டிக்கங்க. டிரம்ம பையில போட்டு எடுத்துட்டுப் போங்க, ட்ரெயின்ல ஒரு தட்டு கூட தட்டாதீங்க. கிரவுண்டுக்குள்ள போனதும் கை வலிக்கிற வரைக்கும் அடிங்க.

கேள்வி: பச்சையப்பாஸா, பிரசிடென்சியா? நீங்க எந்தப் பக்கம்?
*மூலக்கடை வாசகர்*

பதில்: நான் தியாகராயா பக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில பொறந்து வளந்தவன் வேற எங்க போய் நிப்பேன்? நீதிக்கட்சி பிட்டி தியாகராயர் பேர்ல இருக்கற காலேஜ், நம்ம பக்கத்துல எத்தனையோ வீட்டுல முதல் டிகிரி வந்தது அங்க இருந்துதான். 2021 பிப்ரவரியில விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ ஓட ஆரம்பிச்சப்போ, ஸ்பீக்கர்ல ஸ்டேஷன் பேரா அந்த காலேஜ் பேர சொன்னாங்க, எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

கேள்வி: கார் ரேஸ் விட காசு இருக்கு, எங்க கிரவுண்டுல எரியாத லைட்ட மாத்த காசு இல்லயா? டீக்கடையில தினமும் இதத்தான் பேசறோம், எவனும் கேக்கல. பேசி என்ன புண்ணியம்?
*புளியந்தோப்பு வாசகர்*

பதில்: 2024 ஆகஸ்ட் கடைசியில தீவுத்திடல சுத்தி ஃபார்முலா 4 கார் ஓட்டினப்போ எனக்கும் இதே வயித்தெரிச்சல்தான் சார். நம்ம பசங்க ஆறரை மணிக்கு மேல பந்து தெரியாம பைக் ஹெட்லைட்ட போட்டு பிராக்டீஸ் பண்றத பாத்துட்டு வந்தவன் நான்.

ஆனா பேசி புண்ணியம் இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க, அதே வருஷம் அக்டோபர் கடைசியில நடந்தத மறந்துட்டீங்களா? மாநகராட்சியோட 9 செயற்கைப் புல் ஃபுட்பால் கிரவுண்ட தனியார்கிட்ட விட்டு, ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபான்னு மன்றத்துல தீர்மானம் போட்டாங்க. கணக்கு போட்டுப் பாருங்க, ஒரு பையன் தினம் 2 மணி நேரம், மாசம் 25 நாள் ஆடினா 6,000 ரூபா, மூட்டை தூக்கறவரும் வீட்டு வேலைக்குப் போற அம்மாவும் அத எங்க இருந்து எடுத்துக் கொடுப்பாங்க? அன்னிக்கு ராத்திரி நம்ம பக்கம் எந்த டீக்கடையில நின்னாலும் இதே பேச்சு. கோச்சுங்க பேசினாங்க, கட்சிக்காரங்க பேசினாங்க, கூட்டணியில இருக்கறவங்களே எதிர்த்தாங்க, மறுநாளே மாநகராட்சி அந்த முடிவ வாபஸ் வாங்கிடுச்சு. ஒரே நாள்! புலம்பல் ஒரே விஷயத்து மேல, ஒரே நேரத்துல, எல்லாரு வாயில இருந்தும் வந்தா அதுக்கு அவ்ளோ பலம்.

நம்ம தப்பு என்னன்னா, டீக்கடையில ஒரு கிளாஸ் டீ முடியறதுக்குள்ள மோடியில ஆரம்பிச்சு கணேசபுரம் சுரங்கப்பாதை தண்ணி, கொடுங்கையூர் குப்பை, ரேஷன் கடை பருப்பு வரைக்கும் போயிடறோம், கிளாஸ வெச்சதும் எல்லாம் அங்கயே நின்னு போயிடுது. ஒண்ண மட்டும் புடிங்க. லைட்டு கம்பத்துல பெயிண்ட்ல ஒரு நம்பர் எழுதியிருக்கும், அத குறிச்சுக்கங்க, ராத்திரி ஒரு ஃபோட்டோ எடுங்க, மாநகராட்சியோட புகார் நம்பர் 1913க்கு போன் போட்டு புகார் எண்ண வாங்குங்க. நீங்க மட்டும் இல்ல, டீக்கடையில உக்கார்ற எல்லாரும், அதே கம்பத்துக்கு. பத்து நாள்ல நடக்கலன்னா அந்தப் புகார் நம்பரெல்லாம் ஒரே பேப்பர்ல எழுதி கவுன்சிலர் கையில கொடுங்க. அதுக்கும் அசையலன்னா 10 ரூபா கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க, 2023 பட்ஜெட்ல வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்குன்னு 1,000 கோடி சொன்னாங்களே, அதுல இந்த கிரவுண்டுக்கு என்ன வந்துச்சுன்னு. பதில் வந்தா எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்க, இதே பக்கத்துல போடுறேன்.

கேள்வி: என் பொண்ணு காலேஜ் ஃபுட்பால் டீம்ல சேரணும்னு அழுவுறா. நாலு வருஷம் முன்ன அந்தப் பொண்ணுக்கு நடந்தது ஞாபகம் வருது, எனக்கு பயமா இருக்கு. விடலாமா?
*தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு அம்மா*

பதில்: அம்மா, 2022 நவம்பர்ல நடந்தத நான் மறக்கவே இல்ல. பந்து ஆடின பொண்ணு, முட்டி ஜவ்வுக்கு ஆபரேஷன், அதுக்கு மேல போட்ட கட்டு இறுக்கமாகி ரத்த ஓட்டம் நின்னு, கால எடுத்து, அதுக்கப்புறம் உயிரும் போச்சு. அது விளையாட்டால போன உயிர் இல்லம்மா, கவனிக்காம விட்டதால போன உயிர். அதனால பொண்ண கிரவுண்டுல இருந்து எடுத்துடாதீங்க, கவனிப்ப மட்டும் நீங்க கையில எடுத்துக்கங்க.

பொண்ணுங்களுக்கு முட்டி ஜவ்வு கிழியறது பசங்களவிட அதிகம், அதனால வார்ம் அப் இல்லாம இறங்கவே கூடாது. ஃபிஃபா 11 பிளஸ்னு ஒரு வார்ம் அப் முறை இருக்கு, இருபது நிமிஷம்தான், எந்த மெஷினும் வேணாம், கோச்சுகிட்ட கேளுங்க. முட்டி திருகி டப்புனு சத்தம் கேட்டு வீங்கினா, எண்ணெய் போட்டு உருவி விடாதீங்க, கட்டு போடற எடத்துக்கு நேரா ஓடாதீங்க, ஐஸ் வெச்சுட்டு எலும்பு டாக்டர்கிட்ட காட்டுங்க. ஆபரேஷன்னு ஆயிட்டா, விரல் மரத்துப் போச்சு, கால் சில்லுனு இருக்கு, கலர் மாறுது, வலி தாங்கலன்னு பொண்ணு சொன்ன அந்த நிமிஷமே நர்சக் கூப்பிடுங்க, அப்படித்தான் இருக்கும்மான்னு சொன்னா ஒத்துக்காதீங்க, டாக்டர் வந்து கட்ட அவுத்துப் பாக்கற வரைக்கும் அந்த எடத்த விட்டு நகராதீங்க. சத்தம் போடறாளே இவன்னு நெனச்சா நெனச்சுக்கட்டும்.

சேர்த்து விடுங்கம்மா. முதல் மேட்சுக்கு நீங்களும் போங்க.

கேள்வி: நான் ஐ.சி.எஃப். ரயில் பெட்டி ஃபேக்டரியில இருந்து ரிட்டயர் ஆனவன். எங்க காலத்துல நல்லா பந்து ஆடினா ரயில்வே, பேங்க், கஸ்டம்ஸ்னு கூப்பிட்டு வேலை கொடுத்தாங்க. இப்ப பேரன் காலேஜ் கேப்டன், ஆனா வீட்டுல எல்லாரும் அத விட்டுட்டு டெலிவரி வேலைக்குப் போன்னு சொல்றாங்க. என்ன சொல்றது?
*பெரம்பூர் பெரியவர்*

பதில்: ஐயா, நீங்க சொல்றது நெஜம். ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே, இந்தியன் பேங்க், இன்கம்டாக்ஸ், கஸ்டம்ஸ்னு டீம் பேரச் சொன்னாலே அது வேலை பேருதான். பெரம்பூர்ல ஒரு குடும்பம் ஓட்டு வீட்டுல இருந்து குவார்ட்டர்ஸுக்கு மாறினதே ஒரு லெஃப்ட் விங்கரோட காலால. அந்தக் கதவு முழுசா மூடல, ஆனா இடுக்கு சின்னதாயிடுச்சு. தமிழ்நாடு அரசு வேலையில விளையாட்டுக்கு 3 சதவீதம் இருக்கு, ஆனா அதுக்கு தேசிய அளவுல சாதிச்சிருக்கணும். காலேஜ் கேப்டன்ங்கறது மட்டும் பத்தாது.

பேரன் யுனிவர்சிட்டி டீம்ல இடம் புடிச்சு இன்டர் யுனிவர்சிட்டி ஆடணும். ஆடினதும் ஃபார்ம் 3ங்கற சர்டிபிகேட்ட அந்த வருஷமே கையெழுத்து சீலோட வாங்கி பீரோவுல வைக்கச் சொல்லுங்க, ரெண்டு வருஷம் கழிச்சு போனா கையெழுத்துப் போட வேண்டியவரு மாறியிருப்பாரு, நான் இதுல அலைஞ்ச பசங்கள பாத்திருக்கேன். முதலமைச்சர் கோப்பையில கல்லூரிப் பிரிவு இருக்கு, அதையும் விடக் கூடாது. வியாசர்பாடி தனபால் கணேஷ், 2018ல சென்னையின் எஃப்.சி. கப்பு அடிச்ச டீம்ல மிட்ஃபீல்டுல நின்னவரு, இதே தெருவுல ஆடி வந்தவருதான். எல்லாருக்கும் அது கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன். டெலிவரி வேலையும் கேவலம் இல்ல. காலையில கிரவுண்டு, மத்தியானம் கிளாஸ், சாயந்தரம் மூணு மணி நேரம் டெலிவரின்னு ஓட்டற பசங்க எனக்கே ஏழெட்டு பேரு தெரியும், அவங்க கால்ல பாத்தீங்கன்னா ஷூ சோல் பிரிஞ்சு நைலான் நூல்ல தைச்சிருக்கும். வீட்டுல டிகிரி முடியற வரைக்கும் மட்டும் டைம் கேளுங்க. ஒரு ஷூ நீங்க வாங்கிக் கொடுங்க ஐயா.

கேள்வி: நான் காலேஜ் கேரம் டீம். உக்காந்து ஆடறதெல்லாம் ஸ்போர்ட்ஸாடான்னு கேக்கறாங்க.
*காசிமேடு வாசகர்*

பதில்: கேக்கறவங்ககிட்ட ரெண்டே பேரு சொல்லு. மரிய இருதயம், ரெண்டு தடவ உலக சாம்பியன், கேரமுக்கு அர்ஜுனா விருது வாங்கினவரு. காசிமா, நம்ம வடசென்னை ஆட்டோ டிரைவர் பொண்ணு, 2024 நவம்பர்ல அமெரிக்காவுல நடந்த உலகக்கோப்பையில 3 தங்கம், தமிழ்நாடு அரசு 1 கோடி ரூபா கொடுத்துச்சு. தெரு முனையில மஞ்ச பல்பு கீழ, போரிக் பவுடர் மணக்க மணக்க ஆடற ஆட்டம்தான் அது. நீ ஆடு.

கேள்வி: நாங்க காலேஜ் கபடி டீம், செமி ஃபைனல் வந்திருக்கோம். பசங்க ஃபுட்பால் மேட்சுக்கு அவ்ளோ பேரு போறாங்க, எங்க மேட்சுக்கு எங்க மேடமும் தண்ணி கேன் தூக்கற அண்ணனும் மட்டும்தான் வர்றாங்க. நீங்க எழுதினா யாராச்சும் வருவாங்களா?
*ராயபுரம் தங்கச்சி*

பதில்: எழுதிட்டேன்மா. எழுதினது மட்டும் இல்ல, முதல் கேள்வி கேட்ட அந்த வியாசர்பாடி தம்பிக்கும் சொல்லியாச்சு, நாப்பது பேரும் டிரம்மும் சும்மாதான் இருக்காங்களாம், மேடம் ஒத்துக்கிட்டா பி.டி. சார் லெட்டரோட வர்றேங்கறான். பொண்ணுங்க மேட்சுல எப்படி நடந்துக்கணும்னு அவன்கிட்ட தனியா பேசிட்டேன், ஒரு வார்த்த தப்பா வந்தாலும் நானே கூட்டிட்டு வெளிய போயிடுவேன். நீங்க லெட்டர்ல கிரவுண்டு பேரும் தேதியும் எழுத மறந்துட்டீங்க. சீக்கிரம் எழுதுங்க, செவ்வாய்க்கிழமையா இருந்தா மட்டும் எனக்கு மூணு மணிக்கு மேலதான் வர முடியும், மேட்ச் முடிஞ்சதும் டீமுக்கு பர்மா நூடுல்ஸ் அத்தோவும் வாழைத்தண்டு சூப்பும் என் செலவு.