மகளின் போனுக்கு வந்த எச்சரிக்கை

கேள்வி: டில்லியில் நிருபராக இருக்கும் என் மகளின் ஐபோன், உளவு மென்பொருளுக்கு இலக்காகியிருக்கலாம் என்று ஆப்பிள் பெயரில் எச்சரிக்கை வந்திருக்கிறது. எந்த இணைப்பையும் தொடவில்லை என்கிறாள். இது மோசடியா? போனில் இருப்பதையெல்லாம் அழித்துவிடச் சொல்லட்டுமா?
- ஒரு தகப்பன், கும்பகோணம்

பதில்: அழிக்க வேண்டாம், ஐயா. சென்ற ஆண்டு ஓர் இளம் நிருபர் பதற்றத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு என்னிடம் வந்தார். கடையிலிருந்து அப்போதுதான் வாங்கியதுபோல் போன் பளிச்சென்று இருந்தது. யார் உள்ளே வந்து போனார்கள் என்பதற்கு ஒரு தடயமும் மிஞ்சவில்லை.

செய்தியில் உள்ள எதையும் தொடாமல், ஆப்பிள் கணக்குத் தளத்தின் முகவரியை மகளே தட்டச்சு செய்து உள்ளே போகட்டும். நிஜ எச்சரிக்கை என்றால் பக்கத்தின் உச்சியிலேயே தெரியும். கடவுச்சொல்லோ ஓடிபியோ கேட்டால் மோசடி.

இணைப்பைத் தொடவில்லை என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது. 2016இல் அமீரக மனித உரிமைப் போராளி அகமது மன்சூருக்கு, சிறைச் சித்திரவதை பற்றிய ரகசியம் என்று ஆசைகாட்டி ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதிலிருந்த இணைப்பை அவர் தொடவில்லை, டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் என்ற ஆய்வகத்துக்கு அனுப்பினார். இஸ்ரேலிய நிறுவனம் ஒன்றின் உளவு மென்பொருளான பெகாசஸ் வெளிச்சத்துக்கு வந்தது அப்படித்தான். அந்த மனிதர் 2017 முதல் சிறையில் இருக்கிறார் என்பதை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது. 2021இல் அதே ஆய்வகம் கண்டுபிடித்த தாக்குதலுக்கோ விரல் படவே வேண்டியிருக்கவில்லை. ஆப்பிளின் செய்திச் சேவையான ஐமெசேஜ் வழியே தானாக நுழைந்தது.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 2023 அக்டோபர் இறுதியில் எதிர்க்கட்சித் தலைவர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் இத்தகைய எச்சரிக்கை வந்தது. பிறகு அம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பின் ஆய்வகம் சோதித்தபோது, சித்தார்த் வரதராஜன், ஆனந்த் மங்னாலே ஆகிய பத்திரிகையாளர்களின் போன்களில் பெகாசஸ் தடயம் கிடைத்தது. உங்கள் மகளும் அந்த ஆய்வகத்துக்கு எழுதலாம்.

தடயத்தைப் பிரதி எடுத்து வைத்த பிறகு, மென்பொருளைப் புதுப்பித்து, ஐபோனிலேயே உள்ள 'லாக்டவுன் மோட்' என்ற கடும் பாதுகாப்பு வசதியை இயக்கச் சொல்லுங்கள். செய்தியில் வரும் பெரும்பாலான இணைப்புக் கோப்புகளை அது தடுத்துவிடும். கொஞ்சம் சிரமமாக இருக்கும், பழகிவிடும்.

அதுவரை அந்தப் போன் வேறு அறையில் இருக்கட்டும். உங்கள் மகளை நம்பிச் செய்தி கொடுத்தவர்களின் பெயர்களும் அதில்தானே இருக்கின்றன? அவர்களை இன்றே நேரில் பார்த்துச் சொல்லிவிட வேண்டும்.