நேற்று அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பொங்கல் முடிந்த வாரம் எனக்கு வரும் கேள்விகளில் பாதி சர்க்கரைவள்ளிக்கிழங்கைப் பற்றித்தான் இருக்கும். உழவர் சந்தையில் குவியல் குவியலாகப் பார்த்ததும் இரண்டு கிலோ வாங்கி மொத்தமாக அவித்துவிடுகிறோம். சாப்பிட்டது போக மிஞ்சியதை என்ன செய்வதென்று தெரியாமல் அது குப்பைக்குப் போவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. இந்த வாரம் வந்தவற்றில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

ஃபிரிட்ஜில் வைத்த கிழங்கு மறுநாள் கட்டை மாதிரி ஆகிவிடுகிறது. திரும்பக் குக்கரில் வைத்தால் கூழாகிறது. என்னதான் செய்வது? (அம்மாபேட்டை வாசகி)

கிழங்கில் இருக்கும் மாவுச்சத்து சூட்டில் தண்ணீரை உறிஞ்சி இளகும். ஆறினதும் மறுபடி நெருங்கி இறுகிக்கொள்ளும். பழைய சோற்றுப் பருக்கை விறைப்பதும், ஆறின இட்லி கட்டியாவதும் இதனால்தான். மறுபடி இளக வைக்கச் சூடும் கொஞ்சம் ஈரமும் போதும், தண்ணீரில் முழுக வேண்டியதில்லை. தோலோடு இருக்கும் கிழங்கை இரண்டாக வெட்டி, வெட்டின பக்கம் லேசாகத் தண்ணீர் தெளித்து, இட்லிப் பானையில் எட்டு நிமிடம் ஆவி காட்டுங்கள். கட்டை விரலால் அழுத்தினால் உள்ளே போக வேண்டும், ஆனால் தோல் கிழியக் கூடாது. அதுதான் பதம். மைக்ரோவேவ் என்றால் ஈரத்துணி போட்டு மூடிச் சூடாக்குங்கள்.

ஆனால் நான் வீட்டில் பெரும்பாலும் இளக வைப்பதே இல்லை. அந்த இறுக்கமே ஒரு வசதி. புதிதாக அவித்த கிழங்கில் கத்தி வைத்தால் உதிரும், ஃபிரிட்ஜில் இருந்த கிழங்கை அழகாக வில்லை போடலாம். அரை விரல் கனத்துக்கு நறுக்கி, தோசைக்கல்லில் அரை ஸ்பூன் நெய் விட்டு, மிதமான தீயில் இரண்டு பக்கமும் சிவக்க விடுங்கள். தீ பெரிதாக இருந்தால் கிழங்கின் சர்க்கரை சட்டென்று கருகிவிடும். இறக்கும்போது உப்பும் மிளகுத்தூளும் தூவினால் போதும்.

நெருப்பில் சுட்ட கிழங்கு மறுநாளும் தித்திக்கிறது. குக்கரில் அவித்தது சப்பென்று இருக்கிறது. மெதுவாகச் சூடு பண்ணினால் இனிப்பு ஏறுமா? (கன்னங்குறிச்சி)

ஏறாது. பச்சைக் கிழங்கில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் ஒரு நொதி இருக்கிறது. ஏறத்தாழ 60 முதல் 75 டிகிரி வரையான சூட்டில்தான் அது நன்றாக வேலை செய்யும், அதைத் தாண்டினால் அழிந்துவிடும். குக்கர் அந்தச் சூட்டைச் சீக்கிரம் கடந்துபோய்விடுகிறது. என் அம்மா சோறு வடித்த பிறகு விறகடுப்புச் சாம்பலுக்குள் கிழங்கைப் புதைத்து வைப்பார். ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் தோலின் வெடிப்பில் பாகு துளித்துளியாகக் கசிந்து கறுத்திருக்கும். மெதுவாக ஏறின சூடு செய்த வேலை அது. ஒரு தடவை வெந்த கிழங்கில் அந்த நொதி உயிரோடு இருக்காது. சப்பென்ற கிழங்கைக் கடுகு, உளுத்தம்பருப்பு, வரமிளகாய் தாளித்து, தேங்காய்த் துருவல் போட்டுப் பொரியலாக்கிவிடுங்கள்.

ஏற்காட்டில் இருக்கிறோம். எவ்வளவு நேரம் அவித்தாலும் சில கிழங்குக்கு நடுவில் கல் மாதிரி நிற்கிறது. மறுநாள் திரும்ப வேக வைத்தாலும் அப்படியே இருக்கிறது.

இதற்கு இரண்டு காரணம் உண்டு. ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் திறந்த பாத்திரத்தில் வேக நேரம் ஆகும். குக்கர் வைத்தால் இது சரியாகிவிடும்.

இன்னொன்று குளிர். பச்சைக் கிழங்கு 12, 13 டிகிரிக்குக் கீழே பல நாள் கிடந்தால் நடுப்பகுதி கெட்டிப்பட்டுப் போகும். மார்கழி, தை இரவுகளில் மலையில் அந்தக் குளிர் சாதாரணம். அப்படி ஆன இடம் எத்தனை முறை வேக வைத்தாலும் மசியாது, வெட்டி எடுத்துவிடுங்கள். அவிக்காத கிழங்கைக் காகிதத்தில் சுற்றி அடுப்படிப் பக்கம் வையுங்கள். கீழே சேலத்தில் இருப்பவர்களும் பச்சைக் கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். அவித்த பிறகுதான் ஃபிரிட்ஜ்.

அவித்தது எத்தனை நாள் தாங்கும்?

வெளியே இரண்டு மணி நேரம், சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம். ஃபிரிட்ஜில் மூன்று, நான்கு நாள். சூடாக இருக்கும்போதே டப்பாவில் இறுக மூடாதீர்கள், வியர்த்துப் பிசுபிசுக்கும். தேவையானதை மட்டும் எடுத்துச் சூடாக்குங்கள். நூல் விட்டாலோ புளித்த வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள்.

மீந்த கிழங்கில் ஒன்று கசந்தது. மாட்டுக்குப் போடலாமா? (ஓமலூர்)

தயவுசெய்து போடாதீர்கள். இந்த ஒரு பதிலை மட்டும் பக்கத்து வீட்டிலும் சொல்லுங்கள். கூன்வண்டு துளைத்தாலோ பூஞ்சை பிடித்தாலோ கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ளச் சில கசப்புப் பொருள்களை உண்டாக்கும். அவை நஞ்சு, வேக வைத்தாலும் முழுதாகப் போகாது. பூஞ்சை பிடித்த கிழங்கில் உண்டாகும் ஒரு பொருள் மாட்டின் நுரையீரலைத் தாக்கி, மூச்சுவிட முடியாமல் செய்து உயிரையே எடுத்துவிடும். வெட்டும்போது பழுப்புச் சுரங்கம் மாதிரி கோடு தெரிந்தாலோ, வாயில் வைத்ததும் கசந்தாலோ அந்தக் கிழங்கு முழுவதையும் தூக்கிப் போடுங்கள், கெட்ட இடத்தை மட்டும் சீவிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ள வேண்டாம். அதை எருக்குழியில் போட்டாலும் மாடு மேயாதபடி மண் தள்ளி மூடுங்கள். நல்ல கிழங்கு மிஞ்சினால் மாட்டுக்கு அளவாகக் கொடுப்பதில் தவறில்லை.

மசித்த கிழங்கில் போண்டா போட்டேன், உள்ளே பச்சை நிறமாக இருந்தது. கெட்டுப்போய்விட்டதா?

மாவில் ஆப்ப சோடா போட்டிருப்பீர்கள். கிழங்கில் இயல்பாக உள்ள ஒரு பொருள் சோடாவின் காரத்தோடு சேர்ந்தால் பச்சை நிறம் காட்டும். பயப்பட வேண்டாம். அடுத்த முறை சோடாவை விட்டுவிட்டு, மொறுமொறுப்புக்கு ஒரு கைப்பிடி அரிசி மாவு சேருங்கள்.

சர்க்கரை நோய்க்காரர்கள் ஆறின கிழங்கு சாப்பிடலாமாமே?

ஆறும்போது மாவுச்சத்தில் கொஞ்சம் எளிதில் செரிக்காத வகைக்கு மாறும், அது உண்மை. ஆனாலும் அது கிழங்குதான். சுட்டதைவிட அவித்தது நல்லது. அதையும் சோற்றுக்குப் பதிலாகச் சாப்பிடுங்கள், சோற்றோடு சேர்த்து வேண்டாம். எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

பிள்ளைகள் பழைய கிழங்கைத் தொட மாட்டேன் என்கிறார்கள். (சேலம் குகை)

நம் சேலத்துக்காரருக்கு இது ஒரு கஷ்டமா? தட்டுவடை செட் போட்டுக் கொடுங்கள். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த கிழங்கைச் சில்லென்று இருக்கும்போதே பெரிய கண் துருவியில் துருவினால் பூவாக உதிரும். தட்டுவடை மேல் கார சட்னி, புதினா சட்னி தடவி, பீட்ரூட், கேரட் துருவலோடு இதையும் ஒரு சிட்டிகை வைத்து, வெங்காயம் தூவி, எலுமிச்சை பிழிந்து, இன்னொரு தட்டுவடையால் மூடுங்கள். கிழங்கின் இனிப்பு அந்தக் காரத்துக்குப் பிரமாதமாக இருக்கும். வைத்த உடனே சாப்பிட வேண்டும், ஐந்து நிமிடம் போனால் தட்டுவடை நமுத்துவிடும்.

அவித்த தண்ணீரைக் கொட்டுவதா, வைத்துக்கொள்வதா?

சர்க்கரைவள்ளி தண்ணீர் என்றால் சப்பாத்தி மாவு பிசையலாம், ரசத்தில் ஊற்றலாம். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, அவித்த தண்ணீர் என்றால் கண்டிப்பாகக் கொட்டிவிடுங்கள். குச்சிக்கிழங்கில் உள்ள சயனைடு சார்ந்த நச்சு அந்தத் தண்ணீரில் இறங்கியிருக்கும். நம் வீடுகளில் இரண்டையும் ஒரே பானையில் அவிப்பதுண்டு. அப்படி அவித்தால் அந்தத் தண்ணீரையும் கொட்டிவிடுங்கள்.