ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஹராஜுகுவும் அகிஹபராவும்

தங்கை டூரிஸ்ட் விசாவில் டோக்கியோ வருகிறாள், எனக்கு ஒரு ஞாயிறுதான் லீவு, உடுப்புக்குப் பேர்போன ஹராஜுகு, ஷிபுயா, அனிமே பொம்மைக் கடைகள் நிறைந்த அகிஹபரா மூன்றையும் 20,000 யென்னுக்குள் சுற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றும் வேண்டாம் தம்பி. 14 வருஷமாக இங்கே இருக்கிறேன், ஊரிலிருந்து வந்தவர்களை அப்படி இழுத்தடித்துக் கால் வலி கண்டதுதான் மிச்சம். ஷிபுயாவை ஒரு நாள் ஆபீஸ் முடிந்தபின் காட்டுங்கள், எல்லாப் பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் ஜனம் கடக்கிற அந்த சிக்னல் ராத்திரியில்தான் அழகு.

காலை ஒன்பதரைக்கு ஹராஜுகு போய்விடுங்கள். கடை திறக்கப் பத்து, பதினொன்று ஆகும். அதுவரை ஸ்டேஷனை ஒட்டிய மெய்ஜி கோவில் காட்டுக்குள் நடக்கலாம். அப்புறம் தகேஷிதா தெரு. மொத்தமே 350 மீட்டர்தான், ஆனால் மதியம் ஆகிவிட்டால் நீங்கள் நடக்க வேண்டாம், கூட்டமே தள்ளிக்கொண்டு போகும்.

ஒன்றை மட்டும் அவளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கலர் கலராய் முடியும் உடுப்புமாகப் பிள்ளைகள் நிற்கிற படங்களெல்லாம் பெரும்பாலும் பழைய கதை. முன்பெல்லாம் ஞாயிறுகளில் அங்கே வண்டிகளை நிறுத்தி ரோட்டை நடப்பவர்களுக்கு விடுவார்கள், அதுதான் அவர்கள் கூடுமிடமாக இருந்தது. 1998-இல் அந்த வழக்கம் நின்றது. அவர்களைப் படமெடுத்துப் போட்ட ‘ஃப்ரூட்ஸ்’ பத்திரிகையும் 2017-இல் நின்றுவிட்டது. இன்று ஒன்றிரண்டு பேர் கண்ணில் படலாம், கேட்காமல் படமெடுக்காதீர்கள். உடுப்பு பார்க்க லாஃபோரே என்ற கடைக் கட்டடத்தில் மாடி மாடியாய் ஏறுங்கள். விலை தலை சுற்றும், பார்க்கக் காசில்லை.

போட்டுப் பார்க்கும் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. மெல்லிய வெள்ளைத் துணிப்பை ஒன்று தருவார்கள். அதைத் தலையில் மாட்டிக்கொண்டுதான் சட்டையை நுழைக்க வேண்டும், லிப்ஸ்டிக் ஒட்டாமலிருக்க. நான் முதல் தடவை அதைக் கைப்பை என்று நினைத்து வீட்டுக்கே எடுத்துவந்துவிட்டேன். ‘ஃப்ரீ சைஸ்’ என்று எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள், நம் ஊர் உடம்புக்கு அது தோளில் பிடிக்கும்.

இரண்டு மணிவாக்கில் யமனோடே லைனில் ஒரே ஸ்டேஷன், யோயோகி. அங்கே மஞ்சள் சோபு லைன் பிடித்தால் நேராக அகிஹபரா. ஞாயிறு மதியம் சூவோ தெருவில் வண்டி விடமாட்டார்கள், நடு ரோட்டில் நடக்கலாம்.

பொம்மை வாங்குவதென்றால், காசு போட்டுக் கொக்கியால் பொம்மையைத் தூக்கப் பார்க்கும் கிரேன் மெஷின் பக்கமே போகாதீர்கள். ‘இதோ விழுகிறது, இதோ விழுகிறது’ என்று 2,800 யென் போட்டிருக்கிறேன். அடுத்த கட்டடத்தில் அதே பொம்மை 900. ரேடியோ கைகான் என்ற கடைக் கட்டடத்தில் ஏறுங்கள். அங்கே சின்னச் சின்னக் கண்ணாடிப் பெட்டிகளை ஆட்கள் வாடகைக்கு எடுத்துத் தங்கள் பொருளை விற்பார்கள். ஒரே உருவம் நாலு பெட்டியில் நாலு விலைக்கு இருக்கும், அவசரப்படாமல் பாருங்கள். ‘சூகோ’ என்றால் பழையது, ‘மிகைஃபூ’ என்றால் பிரிக்காதது.

20,000 யென் தாராளமாகப் போதும், லாஃபோரேயில் மனசு இளகாமல் இருந்தால். வாங்கும் பொருளுக்கு வரிச் சலுகை, டூரிஸ்ட் என்பதால் அவளுக்கு உண்டு, வேலை விசாவில் இருக்கும் உங்களுக்குக் கிடையாது. ஒரே கடையில் ஒரே நாளில் 5,000 யென்னுக்காவது வாங்கியிருக்க வேண்டும், பொருளும் அவளோடு ஊருக்குப் போக வேண்டும். அதனால் உங்கள் சட்டையை அவள் பில்லில் சேர்க்காதீர்கள். பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள், ஜெராக்ஸ் செல்லாது.