ஃபார்மேட் அடிக்காமலே சுத்தம் செய்யலாம்

கேள்வி: ஐயா, மண்டபத்தில் இறால் வாங்கிக் கம்பெனிக்குக் கொடுக்கிறேன். வரவு செலவெல்லாம் லேப்டாப்பில், டேலி என்ற கணக்கு மென்பொருளில் இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் லேப்டாப் சும்மா கிடந்தபோது அக்கா மகன் என்னென்னவோ விளையாட்டு ஏற்றிவிட்டான். இப்போது திரையின் மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்" என்று ஓயாமல் வருகிறது. குரோமைத் திறந்தால் கூகுளுக்குப் பதில் ஏதோ ஒரு பக்கம் திறக்கிறது. கடையில் ஃபார்மேட் அடிக்க (எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்ற) 800, ஆன்டிவைரஸுக்கு 1,200 கேட்கிறார்கள். கணக்கு அழிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: கடைக்குப் போக வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் ஒரு மணி நேர வேலை, நீங்களே செய்யலாம். வல்லத்தின் (படகின்) அடியில் கொட்டலசு ஒட்டினால் சுரண்டுவீர்களா, வல்லத்தையே உடைப்பீர்களா?

முதலில் கணக்கைக் காப்பாற்றிவிடுவோம். டேலிபிரைம் என்றால் ஆல்ட்டும் ஒய்யும் சேர்த்து அழுத்துங்கள், "பேக்கப்" வரும். ஒரு பென்டிரைவில் எடுத்து, அதைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். செருகியபடியே விட்டால் பேக்கப் எடுத்ததற்கே அர்த்தமில்லை.

அடுத்து, மூலையில் வரும் அந்த வைரஸ் மிரட்டல். அது பெரும்பாலும் வைரஸே இல்லை, விளம்பரம். ஏதோ ஒரு தளம் "அறிவிப்பு அனுப்பட்டுமா?" என்று கேட்டிருக்கும், மருமகன் "அலவ்" தட்டியிருப்பான். குரோமில் வலது மேல் மூலையில் மூன்று புள்ளி, அதில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயரையெல்லாம் நீக்குங்கள். சத்தம் அப்போதே அடங்கும். கூகுள் மாறிப்போனதற்கு அதே மூன்று புள்ளியில் எக்ஸ்டென்ஷன்ஸ் (குரோமில் ஒட்டிக்கொள்ளும் சின்னச் சின்ன மென்பொருள்கள்) போய், நீங்கள் வைக்காததைத் தூக்குங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் செட்டிங்ஸில் "ரீசெட் செட்டிங்ஸ்" இருக்கிறது. புக்மார்க்கும் பாஸ்வேர்டும் போகாது.

இப்போது ஏற்றிய மென்பொருள்கள். ஸ்டார்ட்டில் கன்ட்ரோல் பேனல் என்று தேடித் திறந்து, "அன்இன்ஸ்டால் எ புரோகிராம்" போங்கள். பட்டியலின் தலையில் "இன்ஸ்டால்டு ஆன்" என்று இருப்பதைச் சொடுக்கினால் தேதி வாரியாக அடுக்கும். உங்களுக்கு இது வசதி: தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அந்த 61 நாளில் வந்ததெல்லாம் சந்தேகப் பட்டியல். (குரோம், எட்ஜ் இரண்டும் புதுப்பிக்கும்போது தேதி மாறும், அவற்றை விடுங்கள்.) விளையாட்டு, டூல்பார், "கிளீனர்", "பூஸ்டர்", "டிரைவர் அப்டேட்டர்" எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நீக்குங்கள். நீக்கும்போது வரும் பெட்டியை வாசித்து அழுத்துங்கள். "வேண்டாம், வைத்துக்கொள்கிறேன்" என்பதைப் பெரிய நீலப் பொத்தானாகவும், "நீக்கு" என்பதைக் கண்ணுக்குத் தெரியாத சாம்பல் எழுத்திலும் போடுவார்கள். இதையெல்லாம் தடுக்க ஆளே இல்லையா என்று எனக்கு ஆத்திரம் வரும்.

ஒன்றை மட்டும் தொடாதீர்கள். "மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++" என்று ஒரே பெயர் 2008, 2010, 2012, 2013 என ஏழெட்டு முறை இருக்கும். பார்த்தால் குப்பை மாதிரிதான் தெரியும். குப்பை இல்லை, மற்ற மென்பொருள்கள் ஓடத் தேவையான துணைத் தொகுப்பு. ஒவ்வொரு மென்பொருளும் தனக்கு வேண்டிய ஆண்டைத் தேடும். 2013 இருக்கிறதே, 2010 எதற்கு என்று கணக்குப் போடாதீர்கள், ஒன்றுக்கு ஒன்று ஈடாகாது. உச்சிப்புளியில் ஒருவர் "பழசுதானே" என்று 2010ஐ நீக்கிவிட்டார். மறுநாள் அவருடைய பில் போடும் மென்பொருள் திறக்கவில்லை. "எம்எஸ்விசிஆர்100 காணவில்லை" என்று நின்றது. அவர் அந்தக் கோப்பை மட்டும் ஏதோ ஒரு தளத்தில் இறக்கிப் போட, அதோடு இன்னும் நாலு குப்பை வந்து சேர்ந்தது. நீக்கிய 2010 தொகுப்பைத் திரும்ப ஏற்றியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆகவே அந்தப் பெயரைப் பார்த்தால் கையை எடுத்துவிடுங்கள்.

கடைசியாக விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, ஸ்கேன் ஆப்ஷன்ஸில் "ஆஃப்லைன் ஸ்கேன்" கொடுங்கள். கணினி அணைந்து எழுந்து கால் மணி நேரம் போல ஓடும், பயப்பட வேண்டாம். இதில் இருக்கும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் விண்டோஸோடு வருவது, தனியாகக் காசில்லை. உங்கள் தேவைக்கு அது போதும். 1,200 ரூபாயை வீட்டுச் செலவுக்கு வையுங்கள்.

கடைக்கு ஏன் வேண்டாம் என்றேன்? எல்லாக் கடையையும் சொல்லவில்லை. ஆனால் 800 ரூபாய் ஃபார்மேட்டில் பல இடங்களில் நடப்பது இதுதான்: திருட்டு விண்டோஸை ஏற்றி, அதை ஓடவைக்க ஒரு ஆக்டிவேட்டரைப் போடுவார்கள். அது ஓடவேண்டும் என்பதற்காக டிஃபெண்டரை அணைத்துவிட்டுத்தான் கையில் கொடுப்பார்கள். கதவைக் கழற்றி வைத்துவிட்டுப் பூட்டு விற்கிற வேலை. போயே ஆகவேண்டும் என்றால் லைசென்ஸ் விவரத்தோடு பில் கேளுங்கள். முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைக்காரராவது கண்ணெதிரே இருக்கிறார். முழுத்திரையில் சைரன் சத்தத்தோடு "மைக்ரோசாஃப்ட், இந்த எண்ணை அழையுங்கள்" என்று வந்தால் அது மைக்ரோசாஃப்ட் இல்லவே இல்லை. எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்து, பிறகு ஆல்ட்டும் எஃப்4ம் அழுத்தி மூடுங்கள். அழைத்தால் எனிடெஸ்க் (உங்கள் கணினியைத் தூரத்திலிருந்தே இயக்க விடும் மென்பொருள்) போடச் சொல்வார்கள், அப்புறம் வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்வார்கள். பணம் போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள்.

இவ்வளவும் செய்தபின் இன்னும் மெதுவாக ஓடினால், குற்றம் மென்பொருளில் இல்லை, பழைய ஹார்ட்டிஸ்க்காக இருக்கலாம். மீன் வாடியில் உப்புக்காற்றில் திறந்து வைத்திருந்தால் விசிறியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மருமகனைத் திட்ட வேண்டாம். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் போய் அவனுக்கென்று தனியாக ஒரு "ஸ்டாண்டர்டு" கணக்கு திறந்து கொடுங்கள். பெரும்பாலான மென்பொருளை ஏற்ற உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும். பாஸ்வேர்டு அவன் பிறந்த தேதியாக இருக்க வேண்டாம். அடுத்த ஏப்ரலுக்குள் செய்துவிடுங்கள்.